சென்னையிலிருந்து புனேக்கு காரில் குடிபெயர்தல்: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

2022 மே மாதம், பள்ளி விடுமுறையில், நானும் மனைவியும் மகளும் அம்மாவும் சென்னை மடிப்பாக்கத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டே புனே வந்து குடியேறினோம். வேலை மாற்றம்தான் காரணம். அதற்குப் பிறகு பழைய அலுவலக நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், தங்கையின் மாமனார் வீட்டுப் பையன் என்று மாதம் ஒருவராவது போன் செய்து அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்து எழுதி வைத்ததுதான் இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். நாங்கள் இருப்பது வாகட் பகுதியில். புனேயின் மற்ற பக்கங்களில் மாறக்கூடிய விஷயங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

சென்னையிலிருந்து புனே எத்தனை கிலோமீட்டர் சார்? ஒரே நாள்ல போயிடலாமா?

சுமார் 1,200 கிலோமீட்டர். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டி ஒரே மூச்சில் வந்தோம் என்று மார்தட்டுகிற ஆட்கள் உண்டு. அவர்கள் ஊர் சுற்ற வந்தவர்கள். வீடு மாறி வருகிறவர்களுக்கு வண்டியை நிறுத்திய பிறகுதான் வேலையே தொடங்குகிறது. தூக்கம் கெட்டு வந்து இறங்கினால் அந்த வாரமே போச்சு.

நாங்கள் இரண்டு இரவு தங்கி வந்தோம். முதல் நாள் விடிகாலை நாலரைக்குக் கிளம்பி சித்ரதுர்கா. இரண்டாம் நாள் கோலாப்பூர். மூன்றாம் நாள் 230 கிலோமீட்டர் மட்டும், மதியத்துக்குள் புனே. கடைசி நாளைச் சின்னதாக வைத்தது வேண்டுமென்றேதான். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சாமான் ஏற்ற இறக்க நேரக் கட்டுப்பாடு உண்டு. சாவி வாங்கவும் காவலாளியிடம் பெயர் எழுதவும் பகலில் போய்ச் சேர்வது நல்லது.

எந்த வழியா போறது? கூகுள் ரெண்டு மூணு காட்டுதே?

தேசிய நெடுஞ்சாலை 48-ஐப் பிடித்தால் விடாதீர்கள். டெல்லியிலிருந்து சென்னை வரை வருகிற சாலை அது; நாம் அதன் பாதிக்கும் குறைவான தூரம் போகிறோம், அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர், வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, தாவணகெரே, ஹூப்ளி, பெலகாவி, கோலாப்பூர், சத்தாரா, புனே. சோலாப்பூர் வழியும் காட்டும். ஆனால் வயதானவர்களும் குழந்தைகளும் வண்டியில் இருந்தால் சாப்பாடு, கழிப்பறை, பஞ்சர் கடை மூன்றும் 48-இல்தான் சுலபம்.

தலைவலி பெங்களூருதான். ஊருக்குள் நுழையாமல் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் ரோட்டில் ஏறித் தும்கூர் ரோட்டில் இறங்கிவிடுங்கள். தனி டோல், கொஞ்சம் அதிகம்தான். கொடுத்துவிட்டுப் போங்கள். தாவணகெரேயில் பெண்ணெ தோசை, அதாவது வெண்ணெய் தோசை, சாப்பிடாமல் வரக்கூடாது என்பார்கள். சாப்பிடலாம், ஆனால் அடுத்த ஒரு மணி நேரம் வேறு யாராவது ஓட்டட்டும். மூன்று தோசைக்குப் பிறகு எனக்குக் கண் சொக்கி, ராணிபென்னூர் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் தூங்கினேன்.

ஃபாஸ்டேக்ல எவ்வளவு போட்டு வைக்கணும்?

நாங்கள் 3,000 ரூபாய் போட்டுக் கிளம்பினோம், மிச்சம் இருந்தது. இப்போது வருகிறவர்களுக்கு ஆண்டு பாஸ் என்று ஒன்று இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15-இல் தனியார் கார்களுக்காக 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும்தான். நைஸ் ரோடு, மும்பை-புனே விரைவுச்சாலை போன்றவற்றுக்குத் தனியாகப் பணம் போகும். வருடத்துக்கு இரண்டு முறையாவது காரில் ஊருக்குப் போய்வருவேன் என்றால் வாங்குங்கள்.

டோல் கழிந்த குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள். ஏன் என்று வண்டி நம்பர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். வழியில் வண்டி நின்றுவிட்டால் 1033. நெடுஞ்சாலை உதவி எண் அது.

புனே கிட்ட வந்ததும் ஜாக்கிரதைன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்களே, அப்படி என்ன இருக்கு?

பயமுறுத்தவில்லை, உண்மைதான். சத்தாரா தாண்டியதும் கம்பட்கி காட் என்ற மலைப்பாதை வரும். நாங்கள் வந்தபோது புனே போகிற வண்டிகளெல்லாம் ஒரு சுரங்கப்பாதை வழியாகப் போய், வெளியே வந்த கையோடு இறக்கத்தில் பாம்பு மாதிரி இரட்டை வளைவைத் தாண்ட வேண்டியிருந்தது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிற கண்ணுக்கு அந்த வளைவு சட்டென்று பிடிபடாது.

அதைவிட மோசமானது ஊர் வாசலில் இருக்கிறது. புதிய காத்ரஜ் சுரங்கத்தைத் தாண்டினால் நவலே பாலம் வரை நீளமான இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்கச் சில லாரிக்காரர்கள் நியூட்ரலில் இறங்குவார்கள். பாதி வழியில் பிரேக் பிடிக்காது. 2022 நவம்பரில், நாங்கள் வந்து ஆறு மாதத்தில், அப்படி இறங்கிய ஒரு கனரக வண்டி நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளில் மோதியது. அந்த இடத்தில் லாரிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், குறைந்த கியரில் இறங்குங்கள், பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 1,180 கிலோமீட்டர் வந்தாச்சு, இன்னும் 20 தானே என்று கால் தளர்கிற இடம் சரியாக அதுதான். மூன்றாம் நாளை நான் குட்டியாக வைத்ததற்கு இது இன்னொரு காரணம்.

கார்ல என்ன எடுத்துக்கறது, லாரியில என்ன அனுப்பறது?

லாரி உங்களுக்கு முன்னால் வராது. இரண்டு நாள் கழித்து என்று சொன்னால் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் ஓட்ட வேண்டிய சாமான் காரில் இருக்க வேண்டும்: பாய், போர்வை, சின்னக் குக்கர், ஒரு வாணலி, நாலு தட்டு, இண்டக்ஷன் அடுப்பு, பக்கெட், மக், ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர், பல்பு இரண்டு. பல்பைச் சிரிப்பாக நினைக்காதீர்கள். காலி செய்துவிட்டுப் போன குடும்பம் ஹோல்டரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது.

சான்றிதழ்கள், நகை, மருந்து, மகளின் மாற்றுச் சான்றிதழ் இவையெல்லாம் காரில், கைக்கு எட்டும் இடத்தில். எரிவாயு சிலிண்டர் இரண்டிலும் வேண்டாம். அம்மா தன்னுடைய கிரைண்டரை லாரியில் அனுப்ப ஒப்புக்கொள்ளவில்லை. நான் வற்புறுத்தி அனுப்பினேன். வந்தபோது மூன்று குழவியில் ஒன்றின் ஓரம் பெயர்ந்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெயர்ந்த சில்லை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஆகவே கல் மட்டும் காரில், டிக்கியின் அடியில், சேலையில் சுற்றி.

லாரிக்காரங்க வந்து இறங்கினதும் கூடக் காசு கேட்பாங்களாமே?

கேட்டார்கள். லிஃப்டில் பீரோ போகாது, மாடிப்படியில் தூக்க 8,000 என்றார்கள். ஒப்பந்தத்தில் மாடி எண் எழுதியிருந்ததைக் காட்டினேன்; ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு 2,000-க்கு இறங்கியது. கொடுத்திருக்கக்கூடாது. ஆனால் வெளியே நிற்பது உங்கள் வீட்டு மொத்தச் சாமான், அதை அவர்களும் அறிவார்கள்.

எனவே புறப்படும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்: இரண்டு பக்கமும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, பிரித்துக் கட்டுவது யார் பொறுப்பு, போக்குவரத்துக் காப்பீடு யார் பெயரில், எந்த மதிப்புக்கு. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். டிவி, வாஷிங் மெஷின், பிரிட்ஜ் மூன்றையும் கட்டும் முன் ஓடவிட்டு வீடியோ எடுங்கள். பைக் இருந்தால் ரயில் பார்சலில் போடுவது தனி வழி. பெட்ரோலை வடித்துவிட்டு ஆர்சி நகலோடு போக வேண்டும்.

வந்து சேர்ந்தாச்சு. முதல்ல என்ன செய்யணும்?

தூங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். மூன்று நாள் உட்கார்ந்து வந்ததில் அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது. நடமாட விட்டு, படுக்கும்போது காலுக்குத் தலையணை வைத்ததில் மூன்றாம் நாள் வடிந்தது.

காருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். வீல் அலைன்மென்ட், டயர் காற்று, பிரேக் பேட், ஏர் ஃபில்டர். எங்கள் வண்டி ஹூப்ளிக்குப் பிறகு லேசாக இடப்பக்கம் இழுத்தது. ரோடு அப்படி என்று நினைத்தேன். அலைன்மென்ட் கடைக்காரர் டயரின் உள் ஓரத்தைத் தடவச் சொன்னார். உள்ளங்கையில் ரம்பம் மாதிரி உரசியது.

அதற்குப் பிறகு எல்லா வேலைக்கும் ஆணிவேர் ஒன்றே ஒன்றுதான்: பதிவு செய்த வாடகை ஒப்பந்தம். ஆதார், காஸ், பள்ளி, வண்டி நம்பர் எல்லாம் அதைக் காட்டித்தான் நடக்கும். அது கைக்கு வரும் முன் மற்ற எதற்கும் அலையாதீர்கள்.

வீட்டை ஊர்ல இருந்தே ஆன்லைன்ல பார்த்து முடிச்சிடலாமா? அட்வான்ஸ் எவ்வளவு கேப்பாங்க?

பத்து நாளுக்குத் தற்காலிக இடம் எடுத்துக்கொண்டு நேரில் பார்ப்பதுதான் சரி. அது முடியாதென்றால் நம்பகமான ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். படத்தில் தண்ணீர் வராது. வாகட் மாதிரி வேகமாக வளர்ந்த பகுதிகளில் கோடையில் டேங்கர் லாரியை நம்பி இருக்கும் குடியிருப்புகள் நிறைய. மே மாதத்தில் நாளைக்கு எத்தனை டேங்கர் வந்தது என்று காவலாளியிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள்.

முன்பணம் பெரும்பாலும் இரண்டு மூன்று மாத வாடகை. பெங்களூருவைப் பார்த்தவர்களுக்கு இது கருணை. தரகர் கூலி தனி, ஒரு மாத வாடகை வரை போகும்.

அலுவலகம் ஹிஞ்சவடியில. பக்கத்துலயே வீடு பார்க்கறதா?

ஆமாம். தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள். காலை ஒன்பதரைக்கு அங்கே எட்டு கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆன நாட்கள் உண்டு, மழை நாளில் அதற்கும் மேல். மெட்ரோ 2022 மார்ச்சில் தொடங்கியது. நகரத்துக்குள் வேலை என்றால் அதையொட்டி வீடு பார்ப்பது புத்திசாலித்தனம்.

இங்க 'லீவ் அண்ட் லைசென்ஸ்'னு சொல்றாங்களே, அது என்ன? நோட்டரி போட்டா போதாதா?

வாடகை ஒப்பந்தம்தான், சட்டப்படி கொஞ்சம் வேறு வடிவம். நீங்கள் குடித்தனக்காரர் ஆவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு வீட்டைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர். பெரும்பாலும் 11 மாதம். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, பிரிவு 55-இன்படி இதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 11 மாதம் என்பதால் தப்பிக்க முடியாது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாவிட்டால் அவருக்கு அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ என்று சட்டம் சொல்கிறது, தகராறு வந்தால் நிபந்தனைகளைப் பற்றி நீங்கள் சொல்வதே எடுபடும். "நோட்டரி போதும் தம்பி" என்கிற வீட்டுக்காரரிடம் மரியாதையாக இதைச் சொல்லலாம்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. முகவர் லேப்டாப்போடும் கைரேகைப் பெட்டியோடும் வீட்டுக்கே வருவார். வீட்டுக்காரர், நீங்கள், சாட்சி இருவர், எல்லோருக்கும் ஆதார் கைரேகை. என் கட்டைவிரல் நாலு முறை பிடிக்கவில்லை. "சார், ரொம்ப தூரம் வண்டி ஓட்டுனீங்களா?" என்று இந்தியில் கேட்டுவிட்டு, பையிலிருந்து வாசலின் டப்பாவை எடுத்து அவரே தேய்த்துவிட்டார். ஐந்தாவது முறை பிடித்தது. பதிவுக் கட்டணம் மாநகராட்சிப் பகுதியில் 1,000 ரூபாய். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.25 சதவீதம், முகவர் கூலி தனி. யார் எவ்வளவு என்பதை முதலிலேயே பேசுங்கள். காவல்துறைக்கு வாடகைதாரர் விவரம் தெரிவிப்பதும் உண்டு. அதையும் முகவரே செய்து தருவார்.

காஸ் கனெக்ஷனை மாத்தலாமா, புதுசா எடுக்கணுமா?

மாற்றலாம். கிளம்பும் முன் ஊரில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் முன்வைப்புத் தொகையைத் திருப்பிக் கொடுத்து ஒரு வவுச்சர் தருவார்கள். அதையும் மேலே சொன்ன ஒப்பந்தத்தையும் புனேயில் காட்டினால் இன்றைய முன்வைப்பு விலையில் இணைப்பு கிடைக்கும். அடுப்பு உங்களுடையது, அதைக் கொடுத்துவிடாதீர்கள். இடையில் சமாளிக்க 5 கிலோ சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமலே, அடையாள அட்டை காட்டினால் கிடைக்கும். புதிய குடியிருப்புகள் பலவற்றில் எம்என்ஜிஎல் என்ற நிறுவனத்தின் குழாய் எரிவாயு உண்டு. அப்படியென்றால் அடுப்பின் ஜெட்டை மட்டும் மாற்ற வேண்டும், ஊர் வவுச்சரைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கரண்ட் பில் ஊர் மாதிரிதானா?

இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, நாங்கள் கிளம்பியபோது முதல் 100 யூனிட் இலவசம். இங்கே மாதா மாதம், அந்த இலவசம் கிடையாது. முதல் பில்லைப் பார்த்துவிட்டு மீட்டர் கோளாறு என்று நினைக்காதீர்கள். குடிவந்த அன்றே மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். பழைய பாக்கி இருந்தால் அவர் கணக்கு. குப்பைக்கும் மாதம் சிறு தொகை உண்டு. புனே மாநகராட்சிப் பகுதியில் ஸ்வச் என்ற குப்பை சேகரிப்போர் கூட்டுறவைச் சேர்ந்தவர்கள் வீடு வீடாக வருகிறார்கள், பெரும்பாலும் பெண்கள். மக்கும் குப்பையையும் மக்காததையும் பிரித்துக் கொடுக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

ஆதார், ஓட்டர் ஐடி, லைசென்ஸ் எல்லாத்துலயும் உடனே அட்ரஸ் மாத்தணுமா?

எல்லாவற்றிலும் அல்ல. ஆதாரைப் பதிவு ஒப்பந்தத்தை வைத்து ஆன்லைனிலேயே மாற்றிவிடுங்கள், மற்றது எல்லாம் எளிதாகும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. இங்கேயே இருக்கப் போகிறோம் என்று முடிவான பிறகு போதும். ஓட்டுநர் உரிமம் நாடு முழுக்கச் செல்லும், அவசரமில்லை. வங்கிக் கிளையை மாற்ற வேண்டியதே இல்லை. சம்பளச் சீட்டில் மாதம் 200 ரூபாய் தொழில் வரி பிடித்து பிப்ரவரியில் மட்டும் 300 பிடித்திருப்பார்கள். அது தவறு இல்லை, வருடத்துக்கு 2,500 வருவதற்கான கணக்கு. அந்தக் கேள்வியும் வருடா வருடம் எனக்கு வருகிறது.

பொண்ணு ஏழாவது போறா. மராத்தி படிச்சே ஆகணுமாண்ணே?

மகாராஷ்டிரத்தில் எந்தப் பாடத்திட்டப் பள்ளியானாலும் மராத்தி கற்பிக்க வேண்டும் என்று 2020-இல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நடுவில் வருகிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்குப் பள்ளி அணுகுமுறை மாறுகிறது. சேர்க்கும் முன் நேரடியாகக் கேளுங்கள்: தேர்வு உண்டா, மதிப்பெண் சேருமா, புதிதாக வருகிறவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா.

என் மகள் முதல் பருவத்தில் அழுதாள். எழுத்து இந்தியின் அதே தேவநாகரி என்பதால் பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று நான் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை. மாடிவீட்டுப் பிள்ளைகளோடு கோ-கோ ஆட ஆரம்பித்த பிறகு தானாக வந்துவிட்டது. ஊரிலிருந்து கிளம்பும் முன் மாற்றுச் சான்றிதழில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டுமா என்று புதுப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பள்ளி, மாணவர் விவரம் பதியும் அரசின் யூடைஸ் தளத்தில் பிள்ளையின் பெயரை விடுவித்ததா என்றும் பாருங்கள். அதை மறந்துவிட்டு இரண்டு மாதம் போனில் கெஞ்சினேன்.

அம்மாவுக்கு வயசு எழுபது. தமிழ் தவிர ஒண்ணும் தெரியாது. எப்படிக் காலம் தள்ளுவாங்க?

என் அம்மாவுக்கும் அதே கதைதான். முதல் மாதம் பால்கனியிலேயே இருந்தார். பிறகு காய்கறி வண்டிக்காரம்மா வந்தார். அவர் "கடீபத்தா" என்று கறிவேப்பிலையைத் தூக்கிக் காட்டுவார், அம்மா விரலைக் காட்டுவார். மூன்று வாரத்தில் "கிதி?", "பாவ் கிலோ" இரண்டும் வந்துவிட்டன, எவ்வளவு, கால் கிலோ. வீட்டு வேலைக்கு வருகிறவரை மாவ்ஷி என்று கூப்பிட வேண்டும், சித்தி என்று அர்த்தம். முன்பின் தெரியாத ஆணை தாதா, அண்ணன். முறை சொல்லிக் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம் மாதிரியே இருந்ததால் அம்மாவுக்கு அது எளிதாகப் பிடித்துவிட்டது.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இன்னும் ஒட்டுதல் அதிகம். 1676-லிருந்து 1855 வரை அங்கே ஆண்டது மராட்டியர்தானே. அம்மா செய்கிற வெள்ளரிக்காய் கோசுமல்லியைச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மாள் "இது எங்கள் கோஷிம்பீர்" என்றார். யாருடையது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. தமிழ்க் குரல் கேட்க வேண்டும் என்றால் ராஸ்தா பேட், கட்கி, கேம்ப் பக்கம் போங்கள். தலைமுறைகளாக இருக்கிற நம் ஆட்கள் உண்டு. நல்லெண்ணெய், அப்பளம், இட்லி அரிசியும் ராஸ்தா பேட்டில் கிடைக்கும். பழைய ஊர்ப் பகுதியில் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை பல கடைகள் சாத்தியிருக்கும். கதவைத் தட்டினால் கோபிப்பார்கள்.

அங்க குளிராமே, இட்லி மாவு பொங்குமா?

டிசம்பர், ஜனவரியில் பொங்காது. இரவில் 10 டிகிரி வரை இறங்கும். மாவுப் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி, விளக்கை மட்டும் எரியவிட்ட மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கிறோம். பதினான்கு மணி நேரம் கொடுத்தால் வருகிறது. உளுந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. துணி காயாது, பீரோவில் பூஞ்சை வரும், அது வேறு சோதனை.

டிஎன் நம்பர் வண்டியை போலீஸ் பிடிச்சு டேக்ஸ் கட்டச் சொல்வாங்களா?

நிறுத்துவார்கள். வெளிமாநில நம்பர் என்றால் கண் போகத்தான் செய்யும். சட்டம் சொல்வது இது: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்கு முன் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

என்றைக்கு வந்தீர்கள் என்பதற்கு நீங்கள்தான் சான்று காட்ட வேண்டும். டோல் குறுஞ்செய்தியைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்குத்தான். கோலாப்பூர்-சத்தாரா சாவடியில் பணம் கழிந்த தேதியும் வாடகை ஒப்பந்தத் தேதியும் பொருந்தினால் பேச்சு முடிந்துவிடும். என்னை இரண்டு முறை நிறுத்தினார்கள். இரண்டு முறையும் டிஜிலாக்கரில் ஆர்சி, காப்பீடு, கூடவே ஃபாஸ்டேக் கணக்கு, ஐந்து நிமிடம்தான். ஊரில் எடுத்த புகைச் சான்றும் காலாவதி ஆகும்வரை இங்கே செல்லும்.

அப்போ நம்பர் எப்ப மாத்தறது? எங்க போகணும்?

இங்கேயே இருக்கப்போவது உறுதி என்றால் எட்டாவது மாதத்தில் தொடங்குங்கள். ஊர் ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கார் கடன் இருந்தால் முதலில் வங்கியின் சம்மதக் கடிதம். நான் அந்த ஒரு கடிதத்துக்கு ஐந்து வாரம் காத்திருந்தேன். பிறகு இங்கே படிவம் 27, வண்டியைக் காட்டுதல், வரி. வரி வண்டியின் வயது, விலை, எரிபொருளைப் பொறுத்தது. அது முடிந்து புது ஆர்சி வந்ததும், ஊரில் கட்டிய ஆயுள் வரியில் மிச்சக் காலத்துக்கானதைத் திருப்பிக் கேட்கலாம். அலைச்சலுக்குப் பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், அது உங்கள் பணம்.

எந்த ஆர்டிஓ என்பதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பேச்சுக்கு எல்லாமே புனேதான். ஆனால் மாநகராட்சி இரண்டு. பாணேர், கோத்ரூட், கராடி எல்லாம் புனே மாநகராட்சி, எம்எச்-12. வாகட் பிம்ப்ரி சிஞ்ச்வடில் வரும், எம்எச்-14. தடையில்லாச் சான்றில் தவறான அலுவலகத்தின் பெயர் வந்தால் மறுபடி ஊருக்கு எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் முகவரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிஎச் நம்பர் வாங்கிட்டா இந்தத் தொல்லையே இல்லையாமே?

பாரத் வரிசை என்கிற, எல்லா மாநிலத்துக்கும் பொதுவான நம்பர் அது. தகுதி இருந்தால் நல்லது. அரசு, பொதுத்துறை, ராணுவம், அப்புறம் நான்கு மாநிலத்துக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கு 2021 செப்டம்பர் 15 முதல் கிடைக்கிறது. தனியார் ஊழியர் படிவம் 60-இல் நிறுவனத்தின் சான்று காட்ட வேண்டும். வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம், மாநிலம் மாறினால் நம்பர் மாறாது. பழைய வண்டியையும் இதற்கு மாற்ற வழி உண்டு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊர் மாறுகிற வேலை என்றால் கட்டாயம் பாருங்கள். நிலையாக இருக்கிறவருக்குப் பெரிய லாபமில்லை.

நம்பர் மாறினா இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக் என்ன ஆகும்?

காப்பீட்டு நிறுவனத்துக்குப் புது ஆர்சியை அனுப்பி பாலிசியில் நம்பரை மாற்றச் சொல்லுங்கள்; மாற்றாமல் விபத்து நடந்தால் இழப்பீட்டில் இழுத்தடிப்பார்கள். காப்பீட்டுக் கணக்கில் சென்னை, புனே இரண்டுமே பெருநகரங்களுக்கான 'ஏ' மண்டலம் என்பதால் பிரீமியம் அந்தக் காரணத்துக்காக மாறாது. கோவை, மதுரையிலிருந்து வருகிறவர்களுக்கு கொஞ்சம் கூடலாம். ஃபாஸ்டேக் பழைய நம்பரோடு கட்டிப்போட்டது. அதை மூடிவிட்டுப் புதியது வாங்குங்கள்.

ஒரு வருஷத்துல திரும்பி வந்துட்டா?

நம்பரைத் தொடாதீர்கள். ஆதாரை மட்டும் மாற்றியிருந்தால் போதும், வாக்காளர் பட்டியலையும் விட்டுவையுங்கள். ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம் எத்தனை மாதம் என்று பாருங்கள். அதற்கு முன் காலி செய்தால் அந்த வாடகையைப் பிடிப்பார்கள். வருவதா இருப்பதா என்ற குழப்பம் பத்தாவது மாதத்திலும் தீரவில்லை என்றால், தடையில்லாச் சான்றுக்கு மட்டும் எழுதிப் போட்டுவிடாதீர்கள். அதை வாங்கிவிட்டு இங்கே பதியாமல் ஊருக்குத் திரும்பினால் ரத்து செய்ய இன்னொரு சுற்று அலைய வேண்டும்.

மறுபடி சென்னைக்கு கார்லயே போனீங்களா?

ஒரே ஒரு முறை, 2024 பொங்கலுக்கு. அப்போது வண்டி எம்எச்-14 ஆகியிருந்தது. இந்த முறை இரண்டு பகல், ஒரு இரவு, ஹூப்ளியில் தங்கல். மடிப்பாக்கத்தில் எங்கள் பழைய குடியிருப்பு வாசலில் புதுக் காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார். நம்பர் பலகையைக் குனிந்து பார்த்துவிட்டு, என் ஜன்னலுக்கு வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று திக்கித் திணறி இந்தியில் கேட்டார். பின் சீட்டிலிருந்து அம்மா கண்ணாடியை இறக்கி, "ஏம்ப்பா, நாலாம் நம்பர் வீட்டுச் சாவி உன்கிட்டதானே இருக்கு?" என்றார்.